நெளிநெளியாய் வெட்டிய மாத்திரை அட்டை

“அக்கா, நல்லா ஸ்ட்ராங்கா ஒரு மாத்திரை குடுங்க. தலை ரெண்டா பொளந்துடும் போல இருக்கு.”

நான் சொன்னதில் பாதிதான் பொய். தலைவலி நிஜம். காலை நேரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை ஃபெடரல் ஹைவேயில் ஊர்ந்து வந்த யாருக்கும் தலை வலிக்கும். பக்கத்து சீட்டில் என் முதலாளி செந்தூரன் உட்கார்ந்துகொண்டு ‘மெதுவா, மெதுவா’ என்று ஓதிக்கொண்டே வந்தால் கேட்கவே வேண்டாம். பொய் என்னவென்றால், நான் அங்கே மாத்திரை வாங்கப் போகவில்லை. வேவு பார்க்கப் போயிருந்தேன்.

கவுன்டருக்குப் பின்னால் நின்ற லோகேஸ்வரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைக் கோட்டு, தூங்காத கண்கள். கடையின் கண்ணாடிக் கதவில் யாரோ சிவப்புப் பெயின்ட்டால் ‘கொலைகாரி’ என்று எழுதியிருந்தார்கள். அழிக்க முயன்று பாதியில் விட்டிருந்தாள். அப்படி ஒரு கதவுக்குப் பின்னால் நிற்பவள் வருகிற ஒரே வாடிக்கையாளரைத் தாங்கு தாங்கென்று தாங்குவாள் என்று நினைத்தேன்.

“காய்ச்சல் இருக்கா?” என்றாள்.

“இல்ல.”

“தலைவலி மெதுவா வந்துச்சா, திடீர்னு இடி விழுந்தாப்ல வந்துச்சா?”

“ஹைவேயில ஜேம் வந்தப்போ வந்துச்சு.”

“வயித்துல புண்ணு, ஆஸ்துமா, கிட்னி பிரச்சினை எதாச்சும்?”

“போன வருஷம் வயித்துப் புண்ணுக்கு மருந்து சாப்பிட்டேன். ஏங்கக்கா, தலைவலின்னுதானே சொன்னேன்? இமிகிரேஷன்ல கூட இவ்ளோ கேக்க மாட்டாங்க லா.”

அவள் சிரிக்கவில்லை. “இந்த மாசத்துல எத்தனை நாள் வலி மாத்திரை போட்டிருப்பீங்க?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்ல மறந்து விரல் விட்டு எண்ணினேன். “பதினெட்டு நாள் இருக்கும்.”

லோகேஸ்வரி எடுத்து வைத்திருந்த பாராசிட்டமால் அட்டையைக்கூட மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டாள். “அப்போ உங்களுக்கு இதுவும் வேணாம். இத்தனை நாள் போட்டா மாத்திரையே தலைவலியைக் கொண்டு வந்துடும். டாக்டரைப் பாருங்க. கண்ணாடி பவரையும் செக் பண்ணுங்க.”

“சரி, அந்த ஐபுபுரூஃபனாவது ஒண்ணு குடுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“வயித்துல புண்ணு இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? குடுக்க முடியாது.”

“அடுத்த கடையில வாங்கிக்குவேன்.”

“போங்க. அவங்களும் இதையெல்லாம் கேக்கணும். கேக்காம தூக்கிக் குடுத்தாங்கன்னா அந்தக் கடைக்கு ரெண்டாவது தடவை போகாதீங்க.”

ஷாம்பு அடுக்குக்குப் பின்னாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. “போதும் ரமணி. பாஸாயிட்டாங்க” என்றபடி செந்தூரன் வெளியே வந்தார்.

செந்தூரனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைப் பிடித்தவர். இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். எவர் மீதும் சந்தேகம் உண்டு. வழக்கைக் கொண்டு வருகிறவர் மீது முதல் சந்தேகம். நான் முன்பு ஸ்கூல் வேன் ஓட்டினேன். இப்போது அவரை ஓட்டுகிறேன்.

“நீங்கதான் செந்தூரனா?” லோகேஸ்வரியின் முகம் சிவந்தது. “உதவி கேட்டு நேத்து நான் ஃபோன் பண்ணேன். நீங்க என்னையே டெஸ்ட் பண்றீங்களா?”

“ஃபோன்ல எல்லாரும் நல்லவங்கதான்மா. இப்போ எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. நடந்ததைச் சொல்லுங்க.”

சொன்னாள். கிள்ளானில் தாமான் எனப்படும் அந்தக் குடியிருப்பின் முன்வரிசைக் கடைகளில் பதினோரு வருஷமாக இருப்பது அவளுடைய மருந்துக்கடை. போன செவ்வாய்க்கிழமை, அதே தாமானில் இருக்கும் நாகையா என்ற லோரி டிரைவர் காய்ச்சலோடும் மண்டையிடியோடும் வந்திருக்கிறார். அந்த வட்டாரத்தில் டிங்கி என்கிற டெங்கு பரவியிருப்பதாக முச்சந்தியில் பேனரே கட்டியிருக்கிறார்கள். அவள் பாராசிட்டமால் மட்டும் கொடுத்திருக்கிறாள். ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைக்குள்ளும் இதே மருந்து இருக்கும், சேர்த்துப் போடாதீர்கள். இன்றைக்கே கிளினிக்கில் ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கள்.

“முக்கியமா, ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் ரெண்டையும் தொடவே கூடாதுன்னு சொன்னேன். டிங்கியா இருந்தா ரத்தம் உறையறது ஏற்கெனவே குறைஞ்சிருக்கும். அந்த மாத்திரை அதை இன்னும் மோசமாக்கிடும், வயித்துல ரத்தம் கசியும். அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘இது பச்சப்புள்ளைங்க போடறது தங்கச்சி, லோரிக்காரன் உடம்புக்குப் பத்தாது’ன்னாரு.”

இரண்டு நாள் கழித்து நாகையா ரத்த வாந்தி எடுத்து ஐ.சி.யூவில் சேர்ந்தார். டிங்கிதான். சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டைத் துண்டு இருந்தது. நாலு மாத்திரைக்கான துண்டு, இரண்டு மிச்சம். பெயர் இல்லாத அந்த மாத்திரையை ஆஸ்பத்திரிப் பார்மசியில் நிறத்தையும் அடையாளத்தையும் வைத்து ஐபுபுரூஃபன் என்று கண்டுபிடித்தார்கள்.

“அவரோட தம்பி திருச்செல்வம் அந்தத் துண்டைக் கையில வச்சுக்கிட்டு ஒரு வீடியோ போட்டாரு. இங்க குடியிருப்பாளர் சங்கத் தலைவர் அவருதான். ‘இந்த மாத்திரை மளிகைக் கடையில கிடைக்காது. பார்மசியில மட்டும்தான் கிடைக்கும். எங்கண்ணன் போனது ஒரே ஒரு பார்மசிக்கு’ன்னாரு. ஊரே பார்த்தாச்சு.”

“பாயின்ட் சரியாத்தானே இருக்கு?” என்றேன்.

“அதான்க்கா பிரச்சினை.” அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டாள். ‘தவறான மாத்திரையைக் கொடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். கடையை மூடிக்கொள்கிறேன்’ என்று தட்டச்சு செய்து, கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. “இன்னைக்கு ஆறு மணிக்கு வருவாரு. கையெழுத்துப் போட்டா லைசன்ஸைப் பத்திப் புகார் குடுக்க மாட்டாராம். போடலைன்னா தாமானையே கூட்டிட்டு வந்து கதவடைப்பாராம்.”

“என்ன செய்யப் போறீங்க?” செந்தூரன் கேட்டார்.

“போட மாட்டேன். கடையைக் கொளுத்தட்டும், லைசன்ஸைப் புடுங்கட்டும். செய்யாத தப்புக்குக் கீழ என் பேரை என் கையால எழுத மாட்டேன்.” தாளைத் தூரத் தள்ளினாள்.

எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. மாத்திரை தராததை மன்னித்துவிட்டேன்.

செந்தூரன் தன் கைப்பேசியில் அந்த வீடியோவை நாலு தடவை ஓடவிட்டார். வாட்டசாட்டமான ஆள் திருச்செல்வம். கண்ணீரும் கம்பலையுமாக, துண்டை கேமராவுக்கு நேரே நீட்டி, பல்லைக் கடித்துப் பேசினார்.

“ரமணி, நீ ஒரு மாத்திரையைக் காட்டி ஒருத்தியைக் குற்றம் சொல்றேன்னு வை. எப்படிப் பிடிப்பே?”

“ரெண்டு விரல்ல நுனியைப் பிடிச்சு, முழுசாத் தெரியற மாதிரி.”

“இவர் ஏன் முஷ்டிக்குள்ள பாதியை வச்சிருக்கார்? கட்டைவிரல் ஓரத்தை விட்டு நகரவே மாட்டேங்குது. இதோ, இந்த இடத்துல மூக்கைத் துடைக்கிறார். பாரு.”

படத்தை நிறுத்தி விரலால் பெரிதாக்கினார். ஒரே ஒரு கணம் கட்டைவிரல் விலகியிருந்தது. அட்டையின் ஓரம் நேராக இல்லை. சின்னச் சின்னப் பல்லாக, நெளிநெளியாக வெட்டுப்பட்டிருந்தது.

“உங்க கத்தரிக்கோலைக் காட்டுங்க” என்றார் லோகேஸ்வரியிடம்.

அவள் கொடுத்தது நீலப் பிடி போட்ட சாதாரணக் கத்தரி. “பார்சல் டேப் வெட்டத்தான் இது. நான் அட்டையை வெட்டியே விக்கிறதில்ல. வெட்டினா மருந்து பேரும் போயிடும், காலாவதித் தேதியும் போயிடும். வேணும்னா முழு அட்டை, இல்லைன்னா இல்ல.”

“அது ஜிக்ஜாக் கத்தரி பாஸ்” என்றேன்.

“என்னது?”

“துணி வெட்டறது. ஓரம் பிரியாம இருக்க இப்படிப் பல்லுப் பல்லா வெட்டுவாங்க. பிளவுஸ் தைக்கக் குடுத்த எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுவா.”

செந்தூரன் மூன்று விநாடி பேசவில்லை. அவர் பேசாமலிருக்கும் விநாடிகளை நான் சேர்த்து வைக்கிறேன். வருஷத்துக்கு இரண்டோ மூன்றோதான் கிடைக்கும்.

“நாகையா வீட்டுல யாராவது தையல்காரங்களா?”

“அவரோட வீட்டுக்காரங்க குமுதா” என்றாள் லோகேஸ்வரி. “பிரிக்ஃபீல்ட்ஸ்ல தையல் கடை வச்சிருக்காங்க.”

நான் கார்ச் சாவியைப் பார்த்தேன். வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். செந்தூரன் ஒரு பாராசிட்டமால் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“உங்களுக்கும் தலைவலியா பாஸ்?”

“இல்ல. இது தூண்டில்.”

குமுதாவின் கடை ஒரு பூக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே மல்லிகை வாசனை, மேலே எந்திர எண்ணெய் வாசனை. மத்தியானம் பன்னிரண்டு ஆகியிருந்தது. பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போகவேண்டும் என்று குமுதா அவசர அவசரமாகக் கல்யாண பிளவுஸ்களுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான உருவம். அழுது வீங்கிய முகம். நான் அளவு கொடுக்க வந்தவள் போல நின்றேன். செந்தூரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்.

“மன்னிக்கணும்மா, மண்டையிடி. இந்த அட்டையை அப்படியே பையில வச்சா குத்துது. இதுல நாலு மட்டும் வெட்டித் தரீங்களா?”

குமுதா யோசிக்கவே இல்லை. மேசையில் மூன்று கத்தரிகள் கிடந்தன. கை நேராகப் பெரிய கறுப்புக் கத்தரிக்குப் போனது. கரக், கரக் என்று நாலு மாத்திரையை வெட்டினாள். அதோடு விடவில்லை. மருந்தின் பெயர் அச்சடித்த மேல் ஓரத்தையும் ஒரே ஓட்டத்தில் நறுக்கிக் கழிவுத் துணிக் கூடையில் தள்ளிவிட்டு, அழகான சின்னத் துண்டை நீட்டினாள். துணியில் தையலுக்கு வெளியே மிஞ்சும் ஓரத்தை எப்படி நறுக்கித் தள்ளுவாளோ அப்படியே செய்தாள்.

“ஓரத்தை ஏன்மா வெட்டினீங்க?”

“நேரா வெட்டினா மூலை குத்தும் அங்கிள். இப்படி வெட்டினாத்தான் பையைக் கிழிக்காது. கைப்பழக்கம்.”

செந்தூரன் அந்தத் துண்டைக் கைப்பேசியிலிருந்த படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். குமுதா படத்தைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த பிளவுஸ் கீழே விழுந்தது.

“நீங்க யாரு?”

“லோகேஸ்வரிக்காக வந்திருக்கோம்” என்றார் செந்தூரன். குரலில் கடுமை இல்லை. “வீட்டுல உங்க மூட்டு வலிக்கோ எதுக்கோ வாங்கி வச்ச மாத்திரை. நல்லதுன்னு நினைச்சுத்தான் வீட்டுக்காரருக்கு வெட்டிக் குடுத்திருப்பீங்க. அதானே?”

எனக்கும் அதுதான் முடிவு என்று பட்டது. கணவனுக்கு மனைவி கொடுத்த மாத்திரை. கேஸ் முடிந்தது, சாப்பிடப் போகலாம் என்று நினைத்தேன்.

“இல்ல அங்கிள்.” குமுதா தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டாள். “நான் ஒண்ணு வெட்டல. அறுபது வெட்டினேன்.”

படியிறங்கத் திரும்பியவள் நின்றேன்.

“அறுபதா?” என்றேன்.

“ரெண்டு வாரத்துக்கு முந்தி தாமான்ல கோத்தோங் ரோயோங் நடந்துச்சுக்கா. கொசு வராம இருக்க எல்லாரும் சேர்ந்து கால்வாய் சுத்தம் பண்ணோம். எங்க கொழுந்தன் திருச்செல்வம், வீடு ஒண்ணுக்கு ஒரு பை குடுக்கணும்னு சொன்னாரு. மீந்த துணியில அறுபது பை தைச்சேன். உள்ள கையுறை, கொசுவத்தி, அப்புறம் வலி மாத்திரை. வேலை செஞ்சா உடம்பு வலிக்கும், தலை வலிக்கும், நம்ம சங்கம் அதையும் கவனிக்குதுன்னு இருக்கணும்னாரு.”

“மாத்திரை எங்கேருந்து வந்துச்சு?”

“அவரு ஷா ஆலம்ல ஃபேக்டரி சூப்பர்வைசர். அங்க முதலுதவி ரூமை எடுத்துட்டாங்களாம். ஒரு பெட்டி மாத்திரை தூக்கிட்டு வந்தாரு. என்ன மாத்திரைன்னு கேட்டேன். வலி மாத்திரை எல்லாம் ஒண்ணுதான்னாரு. பை சின்னதா இருந்துச்சு, அதுக்குத் தோதா நறுக்கிப் போட்டேன்.” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “பேரு எழுதியிருந்த ஓரத்தை நானே குப்பையில போட்டேன்க்கா.”

“வீடியோவைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார் செந்தூரன்.

“பார்த்ததுமே தெரிஞ்சுச்சு. கேட்டேன். ‘வாயைத் தொறந்தா, புருஷனைக் கொல்லப் பார்த்தவ நீதான்னு ஊரு சொல்லும். உன் கத்தரி, உன் கை’ன்னாரு. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல.”

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஆள் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால் என் மைவி காரை ஏற்றியிருப்பேன். அண்ணன் ஐ.சி.யூவில் கிடக்கிறார். அண்ணன் மனைவி மெஷினுக்குப் பின்னால் நடுங்குகிறாள். இவருக்குத் தலைவர் பதவியில் கறை படக் கூடாது. அதற்காக ஒரு கடைக்காரியின் கதவில் ‘கொலைகாரி’ என்று எழுத வைத்துவிட்டார்.

செந்தூரனோ திருச்செல்வத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. “ரமணி, அந்தப் பேனர். டிங்கி பேனர் எங்க கட்டியிருந்தது?”

“தாமான் முச்சந்தியில.” சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. டிங்கி பரவிய தாமான். அறுபது வீட்டில் பெயர் இல்லாத துண்டு. காய்ச்சலும் தலைவலியும் வந்தால் முதலில் கை போவது இலவசமாக வந்த அந்தப் பைக்குத்தான்.

“அக்கா” என்று குமுதாவின் தோளைப் பிடித்தேன். “வெட்டினது நீங்க. தெரியாம வெட்டினீங்க. தெரிஞ்சே மறைக்கிறது அவரு. இன்னொரு வீட்டுல இன்னொருத்தர் ரத்த வாந்தி எடுத்தா?”

அவள் கீழே விழுந்த பிளவுஸை எடுத்து மடித்தாள். “காலையில எங்க வீட்டுக்காரரு கண்ணைத் தொறந்தாரு” என்றாள். “முதல்ல அவரைப் பார்க்கணும். அப்புறம் வரேன்.”

வருவாளா என்று எனக்குச் சந்தேகம்தான். செந்தூரன் வற்புறுத்தவில்லை. படியிறங்கும்போதே லோகேஸ்வரியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். தன் மேல் தப்பில்லை என்று தெரிந்தால் அவள் அழுவாள், கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அறுபது வீடா?” என்ற குரல் ஸ்பீக்கரில் சீறியது. “நான் கடையைச் சாத்திட்டு இப்பவே போறேன்.”

“ஆறு மணி வரை பொறுங்கம்மா. இப்போ உள்ள போனா அடிப்பாங்க.”

“அடிக்கட்டும் சார். ஆறு மணிக்குள்ள எத்தனை பேர் முழுங்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

லைன் அறுந்தது. “கேட்டியா?” என்றார் செந்தூரன். நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். இந்தத் தடவை அவர் ‘மெதுவா’ என்று சொல்லவே இல்லை.

நாங்கள் தாமானுக்குள் நுழையும்போது லோகேஸ்வரி ஒன்பதாவது வீட்டின் கேட்டில் நின்றாள். ஒரு கையில் பிளாஸ்டிக் கூடை. கோட்டின் தோளில் ஈரம். யாரோ மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். துடைத்துக்கொள்ளாமலே அடுத்த கேட்டைத் தட்டினாள். நானும் ஒரு வரிசையை எடுத்துக்கொண்டேன். செந்தூரன் எதிர் வரிசைக்குப் போனார்.

சிலர் எங்கள் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். ஓர் ஆன்டி, “கொலைகாரிக்கு ஆள் சேர்க்க வந்தியா?” என்று என் மேல் துடைப்பத்தை ஓங்கினார். ஒரு வீட்டில் அந்தத் துணிப்பை சாமி அலமாரியிலேயே மாட்டியிருந்தது. இன்னொரு வீட்டில் துண்டு சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது. நல்லவேளை, அங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. ஐந்தே முக்காலுக்குக் கூடையில் முப்பத்தொரு துண்டுகள் சேர்ந்திருந்தன. எல்லாவற்றிலும் அதே பல் வெட்டு. சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் ஒருவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தலைவர் அதை அழித்துவிட்டு அவரையும் நீக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

ஆறு மணிக்குக் கடை வாசலில் எண்பது பேராவது கூடியிருந்தார்கள். திருச்செல்வம் கைப்பேசியில் நேரலையை ஓடவிட்டு முன்னால் வந்தார். கழுத்தில் சங்கத்தின் அடையாள அட்டை தொங்கியது.

“ஊரே பார்த்துக்கிட்டு இருக்கு. கையெழுத்தா, கதவடைப்பா?”

லோகேஸ்வரி அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்து அவர் காலடியில் போட்டாள். பிறகு கூடையைத் தலைக்கு மேல் தூக்கினாள். “இதெல்லாம் உங்க அறுபது வீட்டுல முப்பத்தொரு வீட்டுலேர்ந்து வந்தது. நாகையா அண்ணன் பையில இருந்த அதே துண்டு. சங்கம் குடுத்த பையில இருந்துச்சு. இதைக் குடுத்தது நான் இல்ல.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. திருச்செல்வம் அசரவில்லை. உரக்கச் சிரித்தார்.

“நீயே கடையில உட்கார்ந்து வெட்டிக் கூடையில போட்டுக் கொண்டு வந்திருக்கே. நம்ம மேலயே பழியைப் போடறா பாருங்க! சங்கப் பையில நாங்க போட்டது கையுறையும் கொசுவத்தியும்தான்.”

பாவி, நன்றாகத்தான் பேசினார். துண்டைக் கொடுத்த ஆட்களே தலையைக் குனிந்துகொண்டார்கள். தலைவரோடு யார் மோதுவது? முன்வரிசையில் ஒருவன் இரும்புக் கதவை இழுத்து மூடக் கை வைத்தான்.

“விசர்க் கதை கதைக்காதேங்கோ!” என்று செந்தூரன் கத்தினார். கோபம் உச்சிக்குப் போனால் மட்டும் அவர் தாத்தாவின் யாழ்ப்பாணத் தமிழ் வெளியே வரும். பைத்தியக்காரத்தனமாகப் பேசாதீர்கள் என்று அர்த்தம். அதற்குக் கூட்டத்தில் யாரும் மசியவில்லை.

“நான்தான் வெட்டினேன்.”

எல்லோரும் திரும்பினார்கள். சாலையோரம் ஒரு கிராப் வாடகைக் காரிலிருந்து குமுதா இறங்கிக்கொண்டிருந்தாள். கையில் அந்தக் கறுப்புக் கத்தரி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராகத் திருச்செல்வத்தின் கைப்பேசிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“என் பேரு குமுதா. நாகையாவோட வீட்டுக்காரி. பை தைச்சது நான், மாத்திரையை நறுக்கினது நான். இந்தக் கத்தரியாலதான். பெட்டியோட கொண்டு வந்து என் மேசையில வச்சது இவரு. அந்தப் பெட்டி இன்னும் என் வீட்டு ஸ்டோர்ல இருக்கு, யாரு வேணும்னாலும் வந்து பார்க்கலாம். சொன்னா என்னைக் கொலைகாரின்னு சொல்லுவேன்னாரு. சொல்லுங்க கொழுந்தனாரே. இப்போ எல்லாரும் பார்க்கறாங்க, சொல்லுங்க.”

திருச்செல்வம் நேரலையை அணைக்கத் திரையைத் தடவினார். அவசரத்தில் அது அணையவில்லை. கூட்டத்தில் ஓர் அங்கிள், “என் வீட்டுப் பையிலயும் இருந்துச்சுப்பா” என்றார். இன்னொருவர் ஆமாம் போட்டார். கதவில் கை வைத்திருந்தவன் அதை எடுத்துவிட்டான்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். முகம் வெளிறி, நடை தள்ளாடியது. திருச்செல்வத்தின் மனைவி ஜெயமாலா என்று பக்கத்திலிருந்தவர் என்னிடம் கிசுகிசுத்தார்.

“ஏங்க” என்றாள் கணவனிடம். “அந்த மாத்திரையாலதான் நாகையா அத்தானுக்கு இப்படி ஆச்சுன்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?”

அவர் கைப்பேசியைப் பைக்குள் திணித்தார்.

“எனக்கு முந்தாநாள்லேர்ந்து காய்ச்சல். நம்ம வீட்டுப் பையில இருந்ததைத்தான் எடுத்து நேத்து ரெண்டு போட்டேன், காலையில ரெண்டு போட்டேன். நீங்க பக்கத்துலதான் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. தலைவலிக்கு மாத்திரை போடறேன்னு சொன்னேன். ம்னு சொன்னீங்க.”

லோகேஸ்வரி கூடையை என்னிடம் திணித்துவிட்டுப் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். காலையில் என்னிடம் கேட்ட அதே குரல்தான். கூடுதலாகக் கருணையும் இல்லை, கோபமும் இல்லை.

“வயித்து வலி இருக்காக்கா? வாந்தி? பல் தேய்க்கும்போது ரத்தம் வந்துச்சா?”

“இன்னைக்குக் காலையில கொஞ்சம் வந்துச்சு.”

“ரமணி அக்கா, கார். உடனே எமர்ஜென்சி. டிங்கி சந்தேகம், நாலு ஐபுபுரூஃபன் போட்டிருக்காங்கன்னு உள்ள நுழையும்போதே சொல்லணும். நானும் வரேன்.”

நான் காரைக் கூட்டத்துக்குள் கொண்டு வந்தேன். ஜெயமாலாவைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். திருச்செல்வம் ஓடி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார். அந்த வாட்டசாட்டமான ஆள் அழுதுகொண்டிருந்தார். இந்தத் தடவை அது நடிப்பில்லை.

“தங்கச்சி, நானும் வரேன். தப்புப் பண்ணிட்டேன். எனக்கு அவளை விட்டா யாரும் இல்ல.”

லோகேஸ்வரி பதில் சொல்வதற்குள் ஜெயமாலா தலையைத் தூக்கினாள். பேசவே தெம்பில்லாதவள், அந்த வார்த்தைகளை மட்டும் கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்.

“நீங்க வர வேணாம். இன்னும் இருபத்தொம்பது வீடு பாக்கி இருக்கு. போய்க் கதவைத் தட்டுங்க.”

அவர் கதவை விட்டார். நான் ஹார்னை அழுத்தி வண்டியைக் கிளப்பினேன்.